சோடா குடித்த நேரம்

“வலி எப்ப ஆரம்பிச்சுது?” என்று கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வாள். “ஒரு மணி நேரம் இருக்குங்க” என்று பதில் வரும். அதைக் கணினியில் ஏற்ற மாட்டாள். “சோடா குடிச்சதுக்கு முன்னாடியா, பின்னாடியா?” என்பாள். சோடாவைப் பற்றி அதுவரை யாரும் மூச்சு விட்டிருக்க மாட்டார்கள். சோடா, கேஸ் மாத்திரை, நெஞ்சில் தைலம், கொஞ்ச நேரம் படுத்துப் பார்க்கலாம் என்ற யோசனை என்று ஒவ்வொன்றாக வெளியே வரும்போது, அந்த ஒரு மணி நேரம் மூன்றரை மணி நேரமாகியிருக்கும். அப்புறம்தான் கட்டிய கை பிரியும்.

இதய வார்டின் பதிவு மேசையில் பத்தொன்பது வருடமாக இருக்கிறாள். பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. டாக்டர் முதல் துப்புரவு ஆள் வரை எல்லோருக்கும் ‘சிஐடி அக்கா’தான். சுவர்க் கடிகாரத்தைக் கைக்கடிகாரத்தோடும், கைக்கடிகாரத்தைப் போனோடும் ஒத்துப் பார்த்துவிட்டு மூன்றையும் நம்பாத ஆளை வேறென்ன சொல்லிக் கூப்பிடுவது?

மாரடைப்பு வந்தவரின் வயது, ரத்த அழுத்தம், வலி வந்து எத்தனை மணி நேரம் கழித்து மருத்துவமனைக்கு வந்தார் என்பதையெல்லாம் அவள் ஏற்றியதும் திரையின் வலது மூலையில் ஓர் எண் வரும். அவர் ஒரு வருடத்துக்குள் இறந்துபோவதற்கு நூற்றில் எத்தனை பங்கு வாய்ப்பு என்பதுதான் அந்த எண். இருபதைத் தாண்டினால் மாதாமாதம் பரிசோதனைக்கு வர வேண்டும். அதற்குக் கீழே என்றால் வீட்டுக்குப் போய் ஆறு மாதம் கழித்து வந்தால் போதும். டாக்டருக்கு அந்த எண் வேதவாக்கு. அக்கா உதட்டைப் பிதுக்குவாள். “அது பாவம், நாம சொல்றத அப்படியே நம்பிடும். சொல்ற நாம யோக்கியமா இருக்கணுமே.”

வீட்டுக்குப் போனவர்களையும் விட மாட்டாள். ஆறாவது மாதம் போன் போகும். நல்லா இருக்காரு என்று மனைவி சொன்னால் செல்லாது; ஆளே பேச வேண்டும். முகவரியைச் சொல்லச் சொல்வாள். கதவு எண்ணிலிருந்து கடைசி வரை ஒரே மூச்சில் வந்தால் சரி. நடுவில் மூச்சு வாங்க நின்றால், அன்றைக்கே டாக்டர் காதுக்குப் போய்விடும்.

இவ்வளவு கெட்டிக்காரி, ஆறு மாதத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை கோட்டை விட்டாள். காலையிலிருந்து கணவர் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கண்டதைத் தின்றால் இப்படித்தான் என்று திட்டி, கேஸ் மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்தது சாட்சாத் இவள்தான். நாலரை மணி நேரம் கழித்துத்தான் வண்டி பிடித்தாள். அவளுடைய அதே மேசையில் புது நர்ஸ் ஒருத்தி, “அக்கா, வலி எப்ப ஆரம்பிச்சுது?” என்றாள். எத்தனையோ பேரைக் குடைந்து எடுத்த மேசை. சுற்றிலும் தெரிந்த முகங்கள். “ஒரு மணி நேரம்” என்றாள் அக்கா. நர்ஸ் சோடாவைப் பற்றிக் கேட்கவில்லை. எண் பதினொன்று வந்தது. பயப்பட ஒன்றுமில்லை, ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சிரித்தார்.

அன்றிலிருந்து அந்தப் பதினொன்று அவளைத் தூங்க விடவில்லை. கணவர் நடைக்குப் போனேன் என்றால் செருப்பைத் திருப்பி மண் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பாள். மாத்திரை அட்டையை எண்ணுவாள். அவர் மாடி ஏறும்போது குழாயை மூடிவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வாள். அவருக்குச் சிரிப்பாக இருக்கும். “எம்மேல சந்தேகப்படுறதே உனக்குப் பொழப்பாப் போச்சு” என்பார். சந்தேகம் யார் மேல் என்று அவள் சொன்னதில்லை. சொல்ல வெட்கம், வெட்கத்தை விடப் பயம்.

நேற்று அவள் போன் செய்ய வேண்டிய பட்டியலில் ஒன்பதாவதாக அவள் வீட்டுப் போன் எண்ணே இருந்தது. புது நர்ஸ், தானே பேசுவதாகச் சொன்னாள். அக்கா கொடுக்கவில்லை.

“ஆஸ்பத்திரியிலேருந்து பேசுறோம். முகவரி சொல்லுங்க.”

“ஏய், நீ குடியிருக்கிற வீடுதானே?”

“சொல்லுங்க.”

சொன்னார். கதவு எண் வந்தது. தெருப் பெயரில் பாதி வந்தது. நின்றது. ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு மீதித் தெரு வந்தது. “போதுமா?” என்றார். சாயங்காலம் எங்கேயும் போக வேண்டாம், டாக்டரைப் பார்க்கணும் என்று சொல்லிப் போனை வைத்தாள்.

நர்ஸ் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அக்கா அவளை எழுந்து போகச் சொல்லவில்லை. கணவரின் பதிவைத் திறந்தாள். வலி நேரத்தில் இருந்த ‘ஒன்று’ என்பதை அழித்து, நாலரை என்று தட்டினாள். பிறகு இடது உள்ளங்கையால் திரையின் வலது மூலையை அழுத்தி மூடிக்கொண்டு, வலது கையால் பொத்தானை அமுக்கினாள்.