ஏணையில் கட்டிய மஞ்சள் நூல்

என் வீட்டுக்காரர் முதலில் இழுத்ததெல்லாம் செம்புக் கம்பிதான். இரண்டாயிரம் பிறந்த பிறகு, கம்ப்யூட்டர்களை அடுக்கி வைப்பதற்கென்றே கம்பெனிகள் சென்னைப் பக்கம் ஏசி போட்ட கூடங்களைக் கட்ட ஆரம்பித்தன. இந்த வருஷம் போட்ட கேபிள் அடுத்த வருஷம் போதாது. தரைப் பலகையைத் தூக்கி மறுபடியும் இழுப்பார்கள். "இனிமே செம்புக்கு வேலை கொறைஞ்சிடும், எல்லாம் கண்ணாடிதான்" என்று காண்டிராக்டர் சொல்லி, கண்ணாடி இழைகளை ஒட்டுப்போடும் வேலைக்கு இவரை மாற்றினார். தலைமுடி மாதிரி இருக்கும் அந்த இழைக்குள் வெளிச்சம் ஓடுமாம், ஊர் உலகத்துச் சேதியெல்லாம் அதில் போகுமாம். உத்திரமேரூரில் நாலு தூறல் போட்டால் எங்கள் தெருவில் கரண்ட் இருக்காது. நான் நன்றாகச் சிரித்தேன்.

அந்தக் கேபிளை உரித்தால் கண்ணாடி இழைகளோடு ஒரு மஞ்சள் நூல் வரும். கேபிளை இழுக்கும்போது கண்ணாடி முறியாமல் பாரத்தைத் தாங்குவது அதுதான். கத்தரிக்கோலிடம் கூட சண்டித்தனம் பண்ணும். வேலை முடிந்ததும் அதைக் குப்பையில் போடுவார்கள். வைக்கோல் பிரியைக் கூட வீணாக்காத கூலிக்காரக் குடும்பத்தில் பிறந்தவர் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாரா? சுருட்டிச் சுருட்டி எடுத்து வந்தார். ஆட்டைக் கட்டினோம், துணிக்கொடி கட்டினோம். தெருவில் எல்லோரும் கேட்டு வாங்கிப் போனார்கள். எங்கள் மகளின் ஏணையையும் அந்த நூலைத் திரித்துத்தான் விட்டத்தில் தொங்கவிட்டிருந்தோம். அவள் அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள்.

ஒரு நாள் காலையில் ஏணைக்குள்ளிருந்து அலறினாள். தூக்கிப் பார்த்தால் இடது கண் திறக்கவில்லை, தண்ணீராகக் கொட்டுகிறது. பக்கத்து வீட்டு அக்கா, "தூசி வுழுந்துகீது, பயப்படாத" என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் ஒரு அம்மாவைக் கூட்டி வந்தார். காவாந்தண்டலத்திலிருந்து எங்கள் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர் அந்த அம்மா. நெல் அடிக்கும்போது கண்ணில் சொனைத் தூசி விழுந்தால் அவரிடம்தான் போவோம். இமையை விரித்து, நாக்கு நுனியால் துழாவி எடுத்துவிடுவார். எனக்கும் எடுத்திருக்கிறார்.

அவர் வாயைக் கொப்பளித்துவிட்டு, குழந்தையை மடியில் போட்டு, இமையை விரித்துக் குனிந்தார். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் வாசற்படியில் நின்று பார்த்தார். பிறகு ஏணைக் கயிற்றை அண்ணாந்து பார்த்தார்.

"நாக்கை வைக்காதம்மா" என்றார். "கண்ணாடியா இருந்தாலும் இருக்கும்."

"இன்னா கண்ணாடி?" என்றேன்.

"கேபிள் கண்ணாடி. நூலோட ஒட்டிக்கினு வந்திருக்கும். துண்டு ஒடிஞ்சா கண்ணுக்கே தெரியாது. ஒடம்புல ஏறினா உள்ளயே நின்னுடும்."

அந்த அம்மா சட்டென்று வாயை மூடிக்கொண்டு குழந்தையை என்னிடம் நீட்டினார்.

"தெரிஞ்சேவா வூட்டுக்குள்ள எடுத்தாந்தீங்க?" என்று இவரிடம் கேட்டேன்.

"ஒதறிட்டுதான் எடுத்தாந்தேன்" என்றார்.

உதறினால் போவதற்கு அது என்ன வைக்கோலா? குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அவரும் கூடவே ஏறினார்.

காஞ்சிபுரம் போய்ச் சேரும்வரை அவளுடைய இரண்டு கைகளையும் என் கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தேன். கசக்கினால் இன்னும் உள்ளே போகுமே. அவள் திமிறித் திமிறி அழுதாள். பஸ் குலுங்கும் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று அவள் கண்ணுக்குள் நகர்வதாக நினைத்து அவளை இன்னும் இறுக்கிக்கொண்டேன். வயிற்றில் இருக்கும்போது கூட நான் அவளுக்காக இப்படிப் பயந்ததில்லை. இவர் பக்கத்தில் உட்கார்ந்து தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டு, விளக்கை வைத்து வெகுநேரம் பார்த்தார். கழுவினார். மறுபடியும் பார்த்தார். "கருவிழியில் லேசான கீறல். ஆறிவிடும், பார்வைக்கு ஒன்றும் ஆகாது" என்றார்.

"கண்ணாடிங்களா?" என்று இவர் கேட்டார்.

"கழுவினதில் போய்விட்டது. என்னவென்று சொல்ல முடியாது. கண்ணாடியாக இருக்கலாம், நெல் தூசியாகவும் இருக்கலாம்."

கண் ஆறிவிட்டது. ஏணைக் கயிற்றை அறுத்தோம், தெருவில் கொடுத்ததையெல்லாம் கேட்டு வாங்கிப் புதைத்தோம். வீட்டைக் கழுவித் தள்ளினேன். இத்தனை செய்தும், அவள் தும்மினால் கூட ஓடிப்போய் இமையை விரித்துப் பார்ப்பேன். வேலையை விடவும் அவரால் முடியவில்லை. கம்பெனிக்காரர்கள் கூடத்துக்கு மேல் கூடமாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள், எல்லாவற்றுக்கும் கண்ணாடிதான் கேட்டார்கள்.

அதற்குப் பிறகு அவர் தெருவாசல் வழியாக வருவதில்லை. தோட்டத்துப் பக்கமாக வந்து, சட்டையை வெளியிலேயே வாளித் தண்ணீரில் போட்டுவிட்டு, நேராகக் குளிக்கப் போவார். தண்ணீர் சத்தம் கேட்டதும் மகள் தட்டுத்தடுமாறி ஓடிப்போய்க் குளிக்கிற இடத்துத் தட்டியில் கை வைத்து "நைனா, நைனா" என்று கூப்பிடுவாள். குரல் கொடுத்தால் உள்ளே வந்துவிடுவாள் என்று அவர் வாயே திறக்காமல் குளித்துக்கொண்டிருப்பார்.