முதல் பஸ்ஸுக்கு முந்தைய மாலை

கோபே நகரின் மேற்குக் கோடியில், ரயில் நிலையத்துக்குப் பின்னால் 'நீர்நாய்' என்ற இங்கிலாந்து பாணி பப்பை நடத்துபவர் நுகுயி. இளமையில் இரண்டு வருஷம் லீட்ஸில் பாத்திரம் கழுவியவர். அதனால் இங்கிலாந்தைப் பற்றி அவரிடம் யாரும் எதிர்த்துப் பேச முடியாது.

பஸ் டிரைவர் இட்சுகோ குராமோத்தோவுக்கு வியாழன் விடுமுறை. ஆகவே புதன் மாலை வேலை முடிந்ததும் நேரே இங்கே வந்துவிடுவாள். ஒரு பெரிய கிளாஸ் கருப்பு பீர், பொரித்த மீன், உருளைக்கிழங்கு வறுவல், ஜன்னலோர நாற்காலி. ஐம்பத்தேழு வயது, வீட்டில் யாருமில்லை. பரிதாபப்பட வேண்டாம், அவளுக்கு அது பெரிய வசதியாகவே இருந்தது.

இந்தப் புதன் மட்டும் அவள் முன்னால் இஞ்சி சோடா இருந்தது. மொமோசே என்ற சக டிரைவரின் மனைவிக்குப் பிரசவம். அவனுடைய வியாழக்கிழமை முதல் பஸ்ஸை ஓட்டுவதாக மதியம்தான் ஒப்புக்கொண்டிருந்தாள்.

வண்டி எடுப்பதற்கு எட்டு மணி நேரம் முன்பு குடியை நிறுத்தினால் போதும் என்பது கம்பெனி விதி. இட்சுகோவின் விதி வேறு. பதினொரு வருஷத்துக்கு முன் ஒரு காலையில் திராட்சை ரொட்டி தின்றுவிட்டு வந்து, வண்டி எடுக்குமுன் எல்லா டிரைவரும் செய்வதுபோல் டிப்போவில் ஊதினாள். வாயில் தங்கியிருந்த ரொட்டிப் புளிப்பையே மது என்று எடுத்துக்கொண்டு மூச்சுச் சோதனைக் கருவி அலறியது. வாய் கொப்பளித்து, கால் மணி கழித்து மறுபடி ஊதினால் பூஜ்யம். ஆனால் முதல் பஸ் தாமதமாகத்தான் கிளம்பியது. மூன்றாவது நிறுத்தத்தில், சிறுநீரகச் சுத்திகரிப்புக்குப் போகும் கிழவர் மழையில் தொப்பலாக நின்றிருந்தார். ஏறியவர், "உங்களுக்குச் சிரமம் குடுத்துட்டேன், மன்னிச்சுக்குங்க" என்று அவளிடம் மன்னிப்புக் கேட்டார். திட்டியிருந்தால் மறந்திருப்பாள். அன்றிலிருந்து வண்டி ஓட்டுவதற்கு முந்தைய நாள் ஒரு சொட்டுகூடக் கிடையாது.

வறுவலில் பாதி தீர்ந்தபோது டிப்போ மேலாளர் ஹிராமாட்சு உள்ளே வந்தார். தலைமை அலுவலகத்திலிருந்து வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. கவுன்டரில் இரண்டு பீர் வாங்கி, தானே தூக்கிக்கொண்டு, சட்டைக் கையெல்லாம் சிந்தியபடி அவள் மேஜைக்கு வந்து நின்றார்.

"குராமோத்தோ சான், புதன்கிழமைன்னா நீங்க இங்கதான் இருப்பீங்கன்னு சொன்னாங்க. உக்காரலாமா?"

"உக்காருங்க சார்."

ஷிப்ட் மாறியது அவருக்கு எட்டவில்லை என்பது தெரிந்தது. சொல்லிவிடலாம்தான். ஆனால் இருபத்தேழு வருஷத்தில் எந்த மேலாளர் நீட்டிய கோப்பையையும் அவள் மறுத்ததில்லை. இவரோ தன் கையால் சுமந்து வந்திருக்கிறார். விதிப்படி இன்னும் நேரமும் இருக்கிறது. குடித்தால் கிழவரை நினைத்து எடுத்த உறுதி போச்சு, குடிக்காவிட்டால் இந்த மனுஷன் மரியாதை போச்சு. கிளாஸை முட்டிக்கொண்டார்கள். உதட்டில் வைத்தாள், இறக்கினாள்.

மழையைப் பற்றிப் பேசினார்கள். டயரைப் பற்றிப் பேசினார்கள். இருபது நிமிஷம் போனது. நுரை செத்தே போனது.

நுகுயி கை துடைத்துக்கொண்டு வந்தார். "அக்கா, பீர்ல ஏதாச்சும் கோளாறா?"

"அதெல்லாம் இல்லப்பா."

"என்கிட்ட ஏன் மறைக்கிறீங்க? ரெண்டு பேரும் மோந்து பாத்துட்டு மோந்து பாத்துட்டு வைக்கிறீங்க. நேத்துதான் பீப்பாய் மாத்துனேன்."

அவ்வளவுதான். பக்கத்து மேஜையில் நாலு பேர் குடித்துக்கொண்டிருந்த கிளாஸ்களைப் பிடுங்கிக்கொண்டு போய்த் தொட்டியில் கவிழ்த்தார். அடுத்து பீப்பாயையே காலி செய்யக் குழாயைத் திறந்தார். கருகருவென்று பீர் ஓடியது. இட்சுகோவுக்கு வயிறு எரிந்தது.

"ஊத்தாத நுகுயி. பீர் மேல ஒரு தப்பும் இல்ல. நாளைக்கு முதல் பஸ் நான்தான் ஓட்றேன். முந்தின நாள் நான் தொடமாட்டேன். சார் கையால கொண்டாந்துட்டாரு, வேணாம்னு சொல்ல வாய் வரல."

நுகுயி குழாயை மூடினார். "சரி, அப்ப சாருக்கு என்ன கேடு?"

ஹிராமாட்சுவின் காதுகள் குடிக்காமலே சிவந்தன. "எனக்குக் குடியே ஒத்துக்காது. ரெண்டு வாய் உள்ள போனா வாந்திதான்."

"பின்ன எதுக்கு சார் வாங்குனீங்க?" என்றாள் இட்சுகோ.

"வெறுங்கையோட வந்து உக்காந்தா, ஏதோ விசாரணைக்கு வந்திருக்கேன்னு நெனச்சுடுவீங்களோன்னு பயம். மூணு வாரமாச்சு. 'ஊதுறேன் சார்'ங்கறதுக்கு மேல டிப்போல ஒருத்தரும் என்கிட்ட பேசல."

இட்சுகோ வாய்விட்டுச் சிரித்தாள். அவரும் சிரித்தார். நுகுயி மட்டும் தொட்டியைப் பார்த்தபடி, லீட்ஸில் இப்படி ஒரு கூத்து நடக்கவே நடக்காது என்று முணுமுணுத்தார். பிறகு இன்னொரு இஞ்சி சோடாவும் ஒரு தட்டு மீனும் கொண்டுவந்தார். ஹிராமாட்சு பசியோடு தின்றார். இதற்கு முன் நாலு மேலாளர்களோடு மூச்சைப் பிடித்துக்கொண்டு குடித்த கோப்பைகளை இட்சுகோ நினைத்துப் பார்த்தாள். அவர்களில் யாருக்காவது உண்மையில் குடிக்கப் பிடித்திருந்ததா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் விடியற்காலை கருவிக்கு அந்தப் பக்கம் அவரே உட்கார்ந்திருந்தார். இட்சுகோ ஊதினாள். பூஜ்யம். வழக்கம்போல் தலைகுனிந்துவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை.

"சார், நேத்து மீன் வயித்துக்கு ஒத்துக்கிச்சா?"

பின்னால் வரிசையில் நின்ற மூன்று டிரைவர்கள் தலையைத் தூக்கினார்கள்.

"என்ன மீன் சார்?" என்றார் ஒருவர்.