பத்தாவது துப்பில் ஒரு வண்ணத்துப்பூச்சி

எங்கள் பள்ளி அறிவியல் டீச்சருக்கு வேறு வேலையே இல்லை என்று நான் பலமுறை அலுத்துக்கொண்டதுண்டு. கணினி அறை என் பொறுப்பு. ஏழாம் வகுப்புக்கு வருடா வருடம் அங்கேதான் வண்ணத்துப்பூச்சிப் புதையல் வேட்டை. இணையத்தில் பத்துத் துப்பு. ஒவ்வொன்றும் ஒரு பக்கத்துக்குக் கூட்டிப்போகும். அங்கே தேடி விடை போட வேண்டும். வண்ணத்துப்பூச்சி எதால் ருசி பார்க்கிறது? காலால். இப்படி. இருபது கணினியில் நாலு ஓடாது. கத்திக் கத்தித் தொண்டை வற்றுவது எனக்கு.

டீச்சர் தனிக்கட்டை. ஞாயிறு முழுக்க வீட்டில் உட்கார்ந்து துப்பு எழுதுவார். திங்கள் காலை, பேச ஆள் கிடைத்த வேகத்தில் எல்லாவற்றையும் என்னிடம் கொட்டுவார். நான் மவுஸைத் துடைத்தபடி 'ம்' கொட்டுவேன். பாதி காதில் விழாது.

பத்தாவது துப்பு அவரே எடுத்த படம். மூன்று வருடத்துக்கு முன் அவர் பால்கனி எலுமிச்சைத் தொட்டியில் கூட்டை உடைத்துக்கொண்டு ஒன்று வெளியே வந்ததாம்.

"வீட்ல யாரைக் கூப்பிட்டுக் காட்டுறது சார்? அதான், பிள்ளைங்களாவது பாக்கட்டும்னு ஒரு தளத்துல போட்டேன்."

பின் இறக்கை ஓரத்தில் எத்தனை மஞ்சள் புள்ளி? விடை ஏழு. வருடா வருடம் வகுப்பே ஏழு என்று போடும். "எல்லாரும் பாத்துட்டாங்க சார்!" என்று பூரித்துப்போவார்.

இந்த வருடமும் முப்பத்தொன்பது பேர் ஏழு. வாயே திறக்காத கடைசி வரிசைக்காரி மட்டும் எழுதியிருந்தாள்: "பக்கம் திறக்கலை டீச்சர். படத்தைக் காட்டுவீங்களா?"

சோதித்தேன். அங்கிருந்த அறிவிப்பின் தேதிப்படி, படத்தைப் போட்ட மறுவாரமே அந்தத் தளம் மூடப்பட்டிருந்தது. டீச்சரிடம் சொன்னேன்.

"பத்தாவதை மட்டும் நான் திறந்தே பாக்கலை சார். எனக்குத்தான் மனப்பாடமாச்சே" என்றார் டீச்சர். "அப்ப ஏழுன்னு எப்படி?"

"தப்பாப் போட்டா சரியான விடை திரையில வந்துடுது. ஒருத்தன் பாத்திருப்பான், மிச்சமெல்லாம் ஈயடிச்சான் காப்பி. உங்க படத்தை இதுவரைக்கும் ஒருத்தரும் பாக்கலை டீச்சர்."

பட்டென்று சொல்லிவிட்டேன். என் வாய்க்கு எது பூட்டு?

"மூணு வருஷமா நான் மட்டும்தானா சார்?" அவர் முகம் செத்துப்போனது. எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது. எத்தனை திங்கட்கிழமை கைபேசியை என் பக்கம் நீட்டியிருப்பார்! நானும் தலை நிமிர்ந்து பார்த்ததில்லை.

மதிய இடைவேளையில் அந்தப் பெண் வந்தாள். டீச்சர் கைபேசியை நீட்டினார். அவள் படத்தைப் பெரிதாக்கி, உதடு அசைய எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

"ஏழு இல்ல டீச்சர், எட்டு. இறக்கை மடிஞ்ச இடத்துல சின்னதா ஒண்ணு இருக்கு."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"ஆமாடி" என்றார். அவளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"நானும் பாக்குறேன் டீச்சர், காட்டுங்க" என்று கையை நீட்டினேன். அவருக்குக் கேட்கவில்லை. இரண்டு தலையும் அந்தச் சின்னத் திரைமேல் கவிழ்ந்திருந்தன.