பதினேழாம் நம்பர் சிப்பாய்

என் மனைவி மமதாவுக்குச் சொந்தமாக ஒரு நாடு உண்டு. பெயர் உரிகாமியா. வரைபடத்தில் தேடாதீர்கள், கிடைக்காது. ஆயிரத்து எழுநூறுகளில் எங்கோ இருந்ததாக அவளே கற்பனை செய்துகொண்ட நாடு. எங்கள் கோலார் தங்கவயலில் உள்ள உரிகம் என்ற ஊரின் பெயரை இழுத்து நீட்டிப் பெயரும் வைத்துவிட்டாள். ராஜா இன்னும் அமையவில்லை. ராணுவம் மட்டும் தயார்: சுண்டுவிரலில் பாதி உயரத்துக்கு முப்பத்திரண்டு உலோகச் சிப்பாய்கள்.

மமதா பெங்களூரில் செயற்கைப் பல் செய்யும் லேபில் வேலை பார்க்கிறாள். தங்கவயலின் பாலகாட்டில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து தினமும் ரயிலில் போய் வருகிறாள். பக்கத்துப் பல்லின் நிறத்தோடு பொருந்தும்படி புதுப் பல்லுக்குச் சாயம் தீட்டுவதுதான் தொழில். அந்த லேபுக்கு வரும் பல் டாக்டர் கிறிஸ்டோவுக்கு ஒரு பைத்தியம். பழைய காலப் பொம்மைப் படைகளை மேஜையில் நிறுத்தி, பகடை உருட்டிப் போர் நடத்துவார். அவரோடு எட்டுப் பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு கற்பனை நாடு. எல்லா நாடுகளும் அவர் வீட்டுச் சுவரில் உள்ள பெரிய வரைபடத்தில் இருக்கின்றன. மமதா இரண்டு வருடமாக அடுத்தவர் படைக்குத் தளபதியாக இருந்து அலுத்துப்போனாள்.

வரைபடத்தில் ஆற்றங்கரையோரம் ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது. ஆகஸ்ட் கடைசி ஞாயிறு பகல் பதினொன்றரைக்குள் குறைந்தது இருபத்துநான்கு பேர் கொண்ட ரெஜிமென்ட்டை மேஜையில் நிறுத்தினால் அந்த இடம் அவளுக்கு. நிறுத்திய ஒருவன் மேல் அழுக்கோ பிசிறோ இருந்தால் மொத்தப் படையும் தள்ளுபடி. வரிசையில் அடுத்த ஆள் காத்திருந்தார்.

நான்கு மாதம் தீட்டினாள். மெரூன் கோட்டு, மஞ்சள் காலர், மார்பில் குறுக்காக இரண்டு வெள்ளை வார். ஒவ்வொரு கோட்டிலும் ஊசி முனையளவு பித்தளைப் பொத்தான்கள். “இத யாரு எண்ணப்போறாங்க?” என்று கேட்டேன். “நான்” என்றாள்.

எண்ணுவது அவர்கள் குடும்ப வியாதி. என் மாமனார் முனிரத்தினம் சுரங்கத்தில் டோக்கன் ரூமில் வேலை பார்த்தவர். கீழே இறங்கும் ஒவ்வொருவருக்கும் நம்பர் போட்ட பித்தளை வில்லை உண்டு. ஷிப்ட் முடிந்து எல்லா வில்லையும் மாட்டும் பலகைக்குத் திரும்பினால்தான் கணக்கு முடியும். ஒன்று குறைந்தாலும் ஒரு ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். அந்த மனிதர் திருப்பதிக்கு வேனில் போனபோதுகூட எங்களுக்கெல்லாம் நம்பர் கொடுத்தார். புது மாப்பிள்ளையான எனக்கு ஒன்பது. மமதாவும் சிப்பாய்களின் பீடத்துக்கு அடியில் ஒன்று முதல் முப்பத்திரண்டு வரை நம்பர் எழுதினாள்.

அந்த ஞாயிறு காலை ரயிலுக்குக் கிளம்பும்போது பெட்டியில் அடுக்கி எண்ணினாள். முப்பத்தொன்று. மறுபடி எண்ணினாள். பதினேழைக் காணோம். டிரம் அடிப்பவன். கைகளில் மஞ்சள் நாடா சுற்றியவன், படையிலேயே அழகன்.

“இருபத்துநாலு இருந்தா போதும்னுதானே சொன்னாங்க? கெளம்பு” என்றேன்.

“இன்னா பேசறீங்க? ஒரு ஆளு கீழ இருக்கும்போது எங்கப்பா கணக்க மூடுவாரா?”

கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துத் தேட ஆரம்பித்தாள். நான் குனிந்து தேடவில்லை. ஏனென்றால் பதினேழு எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியும். ஆண்டர்சன்பேட்டையில் உள்ள என் ஜெராக்ஸ் கடையில் இருக்கிறான். முந்தின நாள் சாயங்காலம் அவளுக்குத் தெரியாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். வந்தவர் போனவரிடமெல்லாம் “என் பொண்டாட்டி செஞ்சது” என்று பீற்றிக்கொண்டேன். பிறகு கடையைப் பூட்டிவிட்டு வெறுங்கையோடு வந்துவிட்டேன்.

சொன்னேன். அவள் திட்டவில்லை. “வண்டிய எடுங்க” என்றாள். அதற்குத் திட்டே தேவலாம்.

கடையைத் திறந்தால் மெஷின் பக்கத்தில் விழுந்து கிடந்தான். டோனர் மாற்றியபோது சிந்திய தூளுக்குள் முகம் குப்புற. மமதா பிரஷ்ஷால் தட்டினாள், ஈரத் துணியால் ஒற்றினாள். கரி இன்னும் பரவியது. முகம், காலர், நாடா எல்லாம் கறுப்பு. மறுபடி தீட்ட ஒரு நாள் வேண்டும். ரயிலும் போய்விட்டது.

“இவன விட்டுடு மமதா. முப்பத்தொண்ணும் சுத்தமா இருக்கு. இவன வச்சா எல்லாம் போயிடும்” என்றேன். உண்மையாகவே கெஞ்சினேன். என் பெருமையால் அவளுடைய நான்கு மாதம் வீணாவதைத் தாங்க முடியவில்லை.

அவள் பதினேழைப் பெட்டியில் அவன் இடத்திலேயே வைத்து மூடினாள்.

கோலார், ஹொசகோட்டை வழியாக பைக்கிலேயே போனோம். பெட்டியை மடியில் குழந்தை மாதிரி பிடித்திருந்தாள். எந்தப் பள்ளத்திலும் என் தோளைப் பிடிக்கவில்லை. பதினொன்று இருபத்தைந்துக்கு முப்பத்திரண்டு பேரும் கிறிஸ்டோவின் மேஜையில் நின்றார்கள்.

டாக்டர் பூதக்கண்ணாடியோடு குனிந்தார். பொத்தான்களைப் பார்த்து “அப்பா!” என்றார். பதினேழிடம் வந்ததும் நின்றுவிட்டார்.

“மமதா, இது இன்னா? இவன் ஒருத்தன் மட்டும் இவ்ளோ கறுப்பா?”

“அவன் ஷிப்ட் முடிஞ்சு மேல வந்தவன், சார். எங்க ஊர்ல மேல வர்றவங்க மூஞ்சி அப்படித்தான் இருக்கும்” என்றாள், கண்ணைக்கூட இமைக்காமல். “மத்தவங்க இனிமேதான் எறங்கணும்.”

டாக்டர் அவளைப் பார்த்தார். பதினேழைத் தலைகீழாகத் திருப்பி நம்பரைப் பார்த்தார். மற்ற முப்பத்தொருவரையும் ஒவ்வொருவராகத் திருப்பினார்; ஒரு நம்பரும் விடுபடவில்லை. “அப்ப இது அழுக்கு இல்ல, யூனிபார்ம்” என்று சிரித்தபடி சுவருக்குப் போய், ஆற்றங்கரையோரம் பென்சிலால் எல்லை வரைந்தார். “ஸ்பெல்லிங் நீங்களே எழுதிடுங்க” என்று பென்சிலை நீட்டினார். மமதா பெரிய எழுத்தில் உரிகாமியா என்று எழுதினாள்.

அன்று நடந்த போரில் உரிகாமியா தோற்றது. அதைப் பற்றி அவள் கவலைப்படவே இல்லை. அடுத்து குதிரைப்படை என்று அங்கேயே அறிவித்துவிட்டாள்.

கிளம்பும் முன் சிப்பாய்களைப் பெட்டியில் அடுக்கி, விரல் வைத்து எண்ணினாள். முப்பது, முப்பத்தொண்ணு, முப்பத்திரெண்டு. பெட்டியை மூடவில்லை. நான் ஹெல்மெட்டோடு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். வந்து என் நெஞ்சில் அதே விரலால் குத்தினாள்.

“முப்பத்திமூணு” என்றாள். பிறகுதான் பெட்டியை மூடினாள்.