கறுப்புக் காரும் உப்புத் தண்ணீரும்

எங்கள் பக்கத்தில் கறுப்புக் கார் வாங்குகிறவர்கள் குறைவு. கரிசல் மண்ணும் கறுப்புதானே, அழுக்குத் தெரியாது என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். அது நனைந்திருக்கும்போதுதான் கறுப்பு. காய்ந்து, தூசியாகப் பறந்து வந்து உட்கார்ந்தால் சாம்பல் நிறம். கழுவலாம் என்றால் போர்த் தண்ணீர் உப்பு. ஊற்றியது காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்து, இதற்குக் கழுவாமலே இருந்திருக்கலாம் என்று ஆகிவிடும். இவ்வளவும் தெரிந்தும் கறுப்புக் கார் வைத்திருந்தவர் எங்கள் மாமா. அப்பாவின் தங்கை, என் அத்தை, அவளுடைய வீட்டுக்காரர்.

நான் நான்காம் வகுப்பு முடித்திருந்த லீவில், ஒரு வியாழக்கிழமை மத்தியானம், அந்தக் காரில் அவர் எங்கள் ஊருக்கு வந்தார். எப்போதும்வென்றான் என்கிற ஊருக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. அத்தையைத் திரும்பக் கூட்டிப்போக வந்திருந்தார்.

அத்தை பொங்கல் முடிந்த கையோடு ஒரே ஒரு பையுடன் வந்தவள். சித்திரை முடியப் போகிறது, போகவில்லை. ஏன் வந்தாள் என்றும் சொல்லவில்லை. அடிக்கிறாரா, குடிக்கிறாரா என்று சொந்தக்காரர்கள் விசாரித்தார்கள். இரண்டும் இல்லை என்று தெரிந்ததும், அப்புறம் என்ன குறை என்று கேட்டார்கள். போன ஞாயிற்றுக்கிழமை நாலு பெரிய மனிதர்கள் கூடி உட்கார்ந்து, அனுப்பிவைப்பது என்று பேசி முடித்தார்கள். அப்பாவும் சரி என்று சொல்லிவிட்டு வந்தார். அத்தையிடம் யாரும் கேட்கவில்லை. அப்பா மட்டும் மாமா வரவிருந்த அன்று காலையில் கேட்டார்.

"போறியாம்மா? பிடிக்கலன்னா ஒரு வார்த்த சொல்லு. நான் பேசிக்கிடுதேன்."

அத்தை உள்ளி உரித்துக்கொண்டே இருந்தாள். அப்பா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வெளியே போனார்.

அத்தை போகிறாளே என்று எனக்கு வருத்தம்தான். ஆனால் பொய் சொல்வானேன், காரில் ஏறப்போகிற சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது. கடம்பூர் வரைக்கும் என்னையும் ஏற்றிக்கொண்டு போய்ப் போளி வாங்கித் தருவதாகவும், அப்பா பைக்கில் பின்னால் வந்து அழைத்துக்கொள்ளட்டும் என்றும் மாமா சொல்லியிருந்தார். ஏசி போட்ட காரில் நான் அதுவரை உட்கார்ந்ததே இல்லை. எந்தப் பக்கக் கண்ணாடியோரம் உட்காருவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

பொழுது இருக்கவே கிளம்பிவிட வேண்டும் என்று மாமா வந்ததும் சொன்னார். எங்கள் வீட்டில் விளக்கு வைத்த பிறகு பெண்ணை அனுப்ப மாட்டார்கள். மறுநாள் வெள்ளி, அன்றைக்கும் அனுப்ப மாட்டார்கள். அது அவருக்கும் தெரியும்.

காரைப் பார்த்தால் பாவமாக இருந்தது. வழியில் கோடைமழைத் தூற்றல் பிடித்து, அதன்மேல் காற்று தூசியை அள்ளிப் போட்டு, கம்மாயில் புரண்ட எருமையாக நின்றது. கோவில்பட்டியில் வாட்டர் சர்வீஸ் விட்டுக்கொள்ளலாம் என்று மாமா சொன்னதற்கு அப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

"நம்ம வீட்டுக்கு வந்த வண்டிய அழுக்கோட அனுப்புனா நல்லாவா இருக்கும் மாப்ள? சாப்ட்டு ஒரு தூக்கம் போடுங்க. நான் கழுவி வைக்கேன்."

எனக்குக் கூச்சமாகிவிட்டது. அப்பாவிடம் சொந்தமாக ஒரு லோடு ஆட்டோ இருந்தது. வத்தல் மூடையும் கம்பு மூடையும் ஏற்றுகிற வண்டிதான் என்றாலும், பொழுது சாய்ந்தபிறகு நிழலில் நிறுத்தி, துணியை அலசி அலசித் துடைத்துப் பொட்டு வைத்த பெண்பிள்ளை மாதிரி வைத்திருப்பார். அப்படிப்பட்டவர் அன்று உச்சி வெயிலில், கை வைத்தால் சுடுகிற காரின்மேல், மாட்டுத் தொட்டியில் இருந்த போர்த் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றினார். சோப்பு நுரை அப்படியே காய்ந்தது. சக்கரம் துடைத்த பழைய கைலிச் சாரத்தாலேயே கூரையையும் துடைத்தார். நான் சொல்லச் சொல்லக் கேட்கவில்லை. "நீ சும்மா கெடட்டி" என்றார்.

மாமா தூங்கி எழுந்து வந்தபோது கார் முழுக்க வெள்ளைக் கோடு. கோலமாவு கொட்டின இடத்தில் மழை பெய்தது போல இருந்தது. அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டு அவரை யாரும் பார்த்ததே இல்லை. கைக்குட்டையை எடுத்துக் கதவில் ஒரு இழுப்பு இழுத்து, அதை அப்பாவின் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"இதுக்குப் பேரு கழுவுறதா மச்சான்?"

"திரும்பக் கழுவிட்டாப் போச்சு மாப்ள" என்று அப்பா சிரித்தார். திரும்பவும் தொட்டித் தண்ணீரையே எடுத்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. இப்படியே போனால் இருட்டிவிடும், என் போளி என்னாவது என்று பொறுமை போய்விட்டது. நான் கழுவுகிறேன் மாமா என்று நானே வாளியைத் தூக்கிக்கொண்டேன்.

மாமா சொல்லித்தந்தார். வண்டியை நிழலுக்கு நகர்த்தி, சூடு ஆறவிட வேண்டும். மேலிருந்து கீழே வர வேண்டும், சக்கரம் கடைசி. நுரைக்கு ஒரு வாளி, துணி அலச ஒரு வாளி. வட்டமாகத் தேய்க்காமல் நேராக இழுக்க வேண்டும். கடைசி அலசலுக்கு நல்ல தண்ணீர்தான், அதுவும் தானாகக் காய்வதற்குள் மெத்தென்ற துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். ஒரு வார்த்தை தப்பில்லை. இன்று என்னிடம் கருநீலக் கார் ஒன்று இருக்கிறது. அவர் சொன்னபடிதான் கழுவுகிறேன், கோடு விழுவதே இல்லை.

நல்ல தண்ணீருக்கு அம்மாவைக் கேட்டார். குழாயில் தண்ணீர் என்றைக்கு வரும் என்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. பிடித்து வைத்ததை அம்மா எனக்கே அளந்துதான் ஊற்றுவாள்.

"தீந்துபோச்சே அண்ணே" என்றாள் அம்மா.

"இல்லம்மா, அரிசி டிரம்முக்குப் பின்னால ரெண்டு குடம் இருக்கே" என்றேன் நான். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் அங்கேயே பொசுங்கியிருக்க வேண்டும். ஒன்றும் ஆகவில்லை, நானே போய்க் குடத்தை இடுப்பில் வைத்துத் தூக்கி வந்தேன். அத்தை உள்ளே ஜன்னலை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். ஊருக்குப் போகிற சேலை கட்டி, தலை சீவி, பையை மடியில் வைத்திருந்தாள்.

கார் பளபளக்கத் தொடங்கியது. கதவில் என் முகம் தெரிந்தது. மாமா பின்னாலேயே நடந்து வந்தவர், பக்கக் கண்ணாடிக்குக் கீழே ஒரு சின்னக் கோட்டைப் பார்த்துவிட்டார். என் ஆள்காட்டி விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்து, மெதுவாக இழுத்தார்.

"வெரல வச்சுப் பாரு. இது சுத்தமா?"

துடைத்தேன். மறுபடியும் விரலைப் பிடித்து வைத்தார். "இப்ப சொல்லு. இது சுத்தமா?" துடைத்தேன். எனக்கு ஒரு கோடும் தெரியவில்லை. திரும்பவும் விரலைப் பிடித்தார், கொஞ்சம் இறுக்கி.

"ஒரு வேலைய ரெண்டு தடவ சொல்ல வைக்கக் கூடாது. பொம்பளப் பிள்ளைக்கு அது அழகில்ல. நல்லா உத்துப் பாத்துச் சொல்லு. இது சுத்தமா?"

கோயிலில் பேசுவது போன்ற குரல்தான். பெரிய மனுஷியிடம் பேசுவதுபோலப் பேசுகிறாரே என்று எனக்குப் பெருமைகூட இருந்தது. விரல் மட்டும் வலித்தது.

அத்தை வெளியே வந்தாள். நேராக எங்களிடம் வந்து, "பிள்ள கைய விடுங்க" என்றாள். அவள் மாமாவிடம் பேசி நான் அன்றுதான் கேட்டேன். அவர் விட்டார். அத்தை என்னைத் தன் பின்னால் தள்ளி நிறுத்தினாள். காலியாகக் கிடந்த வாளியை எடுத்து, மாட்டுத் தொட்டியில் முக்கி, தவிடு மிதக்கிற அந்த உப்புத் தண்ணீரைக் காரின் முன்பக்கத்தில் ஊற்றினாள்.

"என்ன செய்யுத?" என்றார் மாமா.

"கழுவுதேன்."

அடுத்த வாளித் தண்ணீரைக் கூரைமேல் வீசினாள். சேலை முழுக்க நனைந்தது. நான் போட்ட பாடெல்லாம் போயிற்றே என்று ஓவென்று அழுதேன். அது உப்புத் தண்ணி அத்தை, உப்புத் தண்ணி என்று கத்தினேன். ஒருவரும் அவளைத் தடுக்கவில்லை. அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு மாமாவின் பக்கத்தில் வந்தார்.

"மாப்ள, அவ பதில் சொல்லிட்டா. நீங்க போய்ட்டு வாங்க. அந்தப் பெரிய மனுசங்ககிட்ட நான் பேசிக்கிடுதேன்."

மாமா கண்ணாடியை மட்டும் துடைத்துவிட்டுக் கிளம்பினார். காற்று அடித்த அடியில் ஊர் எல்லை தாண்டுவதற்குள் கார் எப்படி ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். அப்பாவுக்கும் தெரியவில்லை, அத்தைக்கும் தெரியவில்லை, இந்த வீட்டில் ஒருத்தருக்கும் ஒரு கார் கழுவத் தெரியவில்லை என்று சொல்லி அழுதேன். அம்மா சிரித்தாள், சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அதுவும் எனக்குக் கோபமாக இருந்தது.

அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்தாள். குடத்தின் அடியில் கொஞ்சம் நல்ல தண்ணீர் மிச்சம் இருந்தது. என் விரலைப் பிடித்து, அதைச் சாய்த்து ஊற்றிக் கழுவினாள். துடைத்தாள். திரும்பவும் ஊற்றினாள். நல்ல தண்ணியை வீணாக்குதீங்களே, அம்மா ஏசுவா என்று சொன்னேன். அவள் கேட்கவில்லை. அழுக்கே இல்லாத விரலை எதற்காக இப்படிக் கழுவுகிறாள் என்று எரிச்சலோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.