சல்லிக் கரையில் எல்லோரும் சிரித்தார்கள்

காலை ஆறு மணிக்கு அன்புவழிபுரத்திலிருந்து ஆட்டோவில் புறப்பட்டோம். திருகோணமலையில் எனக்கு நாலு நாளாகச் சோறு போட்ட நண்பரின் மகள் தர்ஷிகா பக்கத்தில் இருந்தாள். மடித்த சக்கர நாற்காலி எங்கள் முழங்கால்களில் இடித்துக்கொண்டே வந்தது. சல்லிக் கடற்கரைக்குப் போய்வர, காத்திருப்பும் சேர்த்து, இரண்டாயிரம் ரூபா. ஓட்டுநர் நசீர் கிண்ணியாக்காரர்.

தர்ஷிகாவுக்குப் பத்தொன்பது வயது. பிறந்ததிலிருந்தே நடக்க முடியாது. கரையில் நின்று கரைவலை இழுக்கும் மீனவர்களைப் படம் எடுப்பதுதான் அவளுடைய உலகம். நாற்காலி மணலில் புதையும் என்பதால் ஆட்டோவுக்குள் இருந்தே எடுப்பாள். ஹயருக்கு ஆள் பார்த்து நிற்கும் ஆட்டோ என்று நினைத்து யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் வந்த முதல் நாள் அந்தப் படங்களைக் காட்டினாள். வளைந்த முதுகுகள், மணலில் ஊன்றிய குதிகால்கள். ஒருவரும் கமெராவைப் பார்க்கவில்லை. கலியாண ஆல்பங்களையே பார்த்துப் பழகிய யாழ்ப்பாணத்தான் நான், ஒவ்வொன்றையும் இரண்டு தரம் பார்த்தேன்.

அவளுக்கு ஒரே ஆசை: வலை கரையேறும் நேரம் அந்த முகங்களைக் கிட்டப் போய் எடுக்க வேண்டும். அதற்காக நசீர் இரண்டு பலகை கொண்டுவந்திருந்தார்.

“மணல்ல பலகையைப் போட்டு நாற்காலியை மெல்ல மெல்லத் தள்ளுவம் சேர். அவங்கட வேலை குழம்பக் கூடாது.”

எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. கரைக்கு வந்ததும், நசீர் பலகையை இறக்குவதற்குள் முன்னால் நடந்து, வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

“அந்தப் பிள்ளைக்கு நடக்க ஏலாது. மாதக்கணக்கா உங்களைத்தான் படம் எடுக்குது.”

“எங்களையோ?” மனிதர் உருகிப்போனார். “டேய், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாங்கடா!”

இரண்டு பேர் நாற்காலியோடு அவளைத் தூக்கிவந்து நட்டநடுவே வைத்தார்கள். இழுப்புப் பாட்டு நின்றது. ஒருவர் ஓடிப்போய்க் கழற்றி வைத்த சேட்டை எடுத்துப் போட்டார், இன்னொருவர் தலையை வாரினார். கயிறு கையில் இருக்க, எல்லா முகமும் அவள் பக்கம் திரும்பிப் பல்லைக் காட்டியது. வலை ஏறியதும் சம்மாட்டி பெரிய பாரை மீன் ஒன்றைத் தூக்கிப் பிடித்தார்.

“தங்கச்சி, படத்தில எல்லாரும் விழுகிறமோ?”

“ஓம் அண்ணை, எல்லாரும் விழுந்திருக்கிறீங்கள்,” என்றாள். அவர்கள் மனம் நோகாமல் ஒவ்வொருவரையும் எடுத்தாள்.

திரும்பும் வழியில் படங்களைக் காட்டினாள். என் கண்ணுக்கே அவை கலியாண ஆல்பமாகத்தான் தெரிந்தன.

“பிழை விட்டிட்டன் பிள்ளை.”

“நீங்கள் நல்லதுக்குத்தானே சொன்னனீங்கள், அங்கிள்.” கமெராவை மடியில் வைத்துக்கொண்டாள். “இனி ஆட்டோவைக் கண்ட உடனேயே சிரிப்பினம்.”

அவள் கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் நசீர்தான் என்னை பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டார். சல்லிக்கு எப்போது போகிறீர்கள் என்று கேட்டேன்.

“இனி சல்லி வேணாமாம் சேர். வேற கரை பார்க்கச் சொல்லுறா.” பையை எடுத்துத் தந்தார். “மணல் வரைக்கும் ஆட்டோ போற கரை எனக்குத் தெரிஞ்சு வேற இல்ல. அவக்கிட்ட இன்னும் சொல்லல்ல.”