மூட்டத்திலிருந்து அக்கா இறக்கிய தண்ணீர்

எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகிய அக்கா பிரிந்து பன்னிரண்டு மாதங்கள் நிறைகின்றன. அவருடைய முதலாம் ஆண்டு நினைவுக்காக தோட்டத்து வரிசை வீடுகளான இந்த மேல் லயத்துக்கு ஏறி வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அம்மாவின் சார்பிலும் என் சார்பிலும் வணக்கம். "ஏறி வந்திருக்கும்" என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். பஸ் நிற்கும் இடத்திலிருந்து எங்கள் வாசலுக்கு வருவதற்குள் எத்தனை தடவை நின்று மூச்சு வாங்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

அக்காவுக்குப் பதவி எதுவும் இருக்கவில்லை. தேயிலைக் கொழுந்து பறித்தார். வேலை முடிந்து மலையிலிருந்து வந்த பிறகு கையில் கிடைத்ததைக் கொண்டு எதையாவது செய்துகொண்டிருந்தார். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவர் முகம்கூட இல்லை. ஒரு கம்பியையோ தகரத்தையோ இரண்டு கையாலும் பிடித்து மெல்ல வளைத்துப் பார்க்கும் அவருடைய விரல்கள்தான்.

அக்கா பிறந்தது நமுனுகுல மலையடியில், அம்மாவின் தாய்வீட்டில். அப்பா ஹல்துமுல்லைக்கு மேலே உள்ள இந்தத் தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர். அக்காவுக்குப் பத்து வயதாகும்போது நான் பிறந்தேன். அம்மா மலைக்குப் போக வேண்டும். தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் விட்டால் மூச்சு நின்றுவிடும் அளவுக்கு நான் அழுதேனாம். ஆகவே அக்கா ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டார். என் தொட்டிலில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையைத் தன் கால் பெருவிரலில் மாட்டிக்கொண்டு, வாசற்படியில் உட்கார்ந்து அரிசி புடைப்பாராம். அவர் செய்த முதல் கருவி அதுதான் என்று அம்மா சொல்வார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் வரை போனவன் நான். அந்தக் கயிறு இழுத்துக்கொண்டு போன தூரம் அது.

அப்பா காலமான பிறகு அவருடைய கவ்வாத்துக் கத்தி அக்காவின் கைக்கு வந்தது. பால்மா டின்களின் அடிப்பாகத்தை அந்தக் கத்தியால் வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, அடுப்புப் புகை கூரைக்கு மேலே போக வழி செய்தார். உடைந்த குடையின் கம்பிகளால் டிவிக்கு அன்டெனா செய்தார். படம் தெளிவாக வந்த அன்று லயம் முழுவதும் எங்கள் காம்பராவில்தான் இருந்தது. யாராவது எதையாவது வீசப் போனால், "இருங்க, ஒருக்கா வளைச்சுப் பாக்குறேன்" என்பார்.

மேல் லயத்தின் கஷ்டத்தை இங்கே வந்து போகிறவர்கள் அறிவார்கள். ஆனி, ஆடி மாதங்களில் குழாயில் காற்றுதான் வரும். அப்போது தண்ணீருக்குப் பள்ளத்தில் ஊற்றுநீர் விழும் பீலிக்கு இறங்க வேண்டும். கருங்கல் படிகள், பாதி இடத்தில் படியே இல்லை. நான் உயர்தரம் படித்துக்கொண்டிருந்த வருடம், அம்மா நிறைகுடத்தோடு அங்கே வழுக்கி விழுந்தார். இடுப்பில் பலமான அடி. ஆறு வாரம் எழும்பவில்லை. எழும்பியதும் செய்த முதல் வேலை, குடத்தைத் தேடியது.

"யம்மா, நீ இனி பீலிக்கு எறங்கக் கூடாது" என்றார் அக்கா.

"அப்ப தண்ணி தானா நடந்து வருமா?"

"நான் வந்து எடுக்குறேன்."

"நீ மலைய விட்டு வர அஞ்சு மணி. அதுவரைக்கும் ஒலை வைக்காம உக்காந்திருக்கவா?"

அக்கா எவ்வளவு வேகமாக வந்தாலும் அதற்கு முன்பே அம்மா போய் வந்துவிடுவார். குடம் வாசலில் நிறைந்திருக்கும். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அதைப் பார்த்த நாளிலிருந்து அக்காவுக்கு வேறு நினைப்பு இருக்கவில்லை. அம்மாவைப் பீலிக்கு இறங்கவிடாமல் செய்ய வேண்டும். அவ்வளவுதான் அவர் வாழ்க்கையில் கேட்டது.

வறண்ட மாதங்களிலும் எங்களுக்கு மூட்டம், அதாவது மூடுபனி, தவறாது. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பள்ளத்திலிருந்து எழும்பி வரும். முதலில் கோயில் மறையும், பிறகு மரங்கள், பிறகு எதிர்வீடு. கோழி கத்துவது கேட்கும், கோழி தெரியாது. ஒரு துளி மழை இல்லாமல் உலகம் முழுவதும் ஈரமாக இருக்கும். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா கொடிக்கயிற்றின் கீழே குந்திக்கொண்டிருப்பதைக் கண்டேன். கயிற்றில் பாத்திரம் தேய்க்க வைத்திருந்த சிவப்பு வெங்காய வலைப்பை ஒன்று காய்ந்தது. இல்லை, காயவில்லை. அதன் நுனியிலிருந்து துளித்துளியாகச் சொட்டியது. அக்கா கீழே ஒரு தம்ளரை வைத்திருந்தார்.

"டேய், மழை பெஞ்சுச்சா?"

"இல்லையேக்கா."

"பக்கத்துல சாக்கு தொங்குது, அது சொட்டல. இது மட்டும் ஏன் சொட்டுது?"

ஆவி குளிர்ந்து நீராவதைப் பாடப்புத்தகத்தில் ஒடுக்கம் என்று படித்திருந்தேன். ஆனால் வெங்காயப் பையைப் பற்றி அதில் எதுவும் இருக்கவில்லை.

கடைகளில் கேட்டு வாங்கிய பைகளை அக்கா பிரித்து, நைலோன் நூலால் இரட்டையாகத் தைத்து, வீட்டு வாசல் அளவுக்கு ஒரு வலை செய்தார். லயத்துக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில்தான் மூட்டம் பால்போலத் தேங்கி நிற்கும் என்று அங்கே கட்டினார். பின்னேரம் முழுவதும் அந்த வெள்ளைக்குள் உட்கார்ந்திருந்தார். வலை நனைந்ததோடு சரி. பக்கத்து வீட்டு ராசம்மா சித்தி தேடி வந்து, "ஏண்டி, மேகத்துக்கு வலை போட்டிருக்கியே, என்னா மீனு மாட்டுச்சு?" என்று கேட்டார். லயமே சிரித்தது. அக்காவும் சிரித்தார்.

காரணத்தை அவராகவே கண்டுபிடித்தார். பாறை மேட்டில் தனியாக நிற்கும் டர்பன்டைன் என்னும் தைல மரத்தின் கீழே மட்டும் எப்போதும் மண் நனைந்திருப்பதைக் கொழுந்து பறிக்கப் போகும்போது கவனித்திருக்கிறார். "நிக்கிற மூட்டம் ஒண்ணும் குடுக்காது. போற மூட்டத்ததான் மறிக்கணும்" என்று எனக்குச் சொன்னார். வலையை அந்த மேட்டுக்குக் கொண்டுபோனார். மூன்றாம் நாள் காற்று அதைக் கிழித்துத் தேயிலைக்கு மேலே விரித்துப் போட்டது. இன்னும் இறுக்கிக் கட்டினார். இன்னும் சீக்கிரம் கிழிந்தது. அப்புறம்தான் பழைய சைக்கிள் டியூபை நாடா நாடாவாக அறுத்து, வலையின் ஓரங்களை அந்த ரப்பரால் கட்டினார். காற்று தள்ளினால் வலை மூச்சு விடுவதுபோலப் பின்னால் போகும், பிறகு தானாகவே திரும்பி வரும். கிழியவில்லை.

பிவிசி குழாயை, அடுப்பில் பழுக்கக் காய்ச்சிய கவ்வாத்துக் கத்தியால் நீளவாக்கில் பிளந்து, வலையின் அடியில் தண்ணீர் ஏந்தும் பீலியாக மாட்டினார். அங்கிருந்து ஒரு ஹோஸ் லயத்தின் முனையிலுள்ள நீலப் பீப்பாய்க்கு வந்தது. இடையில் மணலும் கரியும் போட்ட வாளி. இதெல்லாம் சரியாக வர அடுத்த வருட வறட்சி ஆகிவிட்டது. மூட்டம் மேட்டைக் கடக்கும்போது அக்காவோடு அந்த வலைக்கு முன்னால் நான் பல தடவை நின்றிருக்கிறேன். வெள்ளை நம்மை நோக்கி வரும். வலைக்குள் நுழையும்போது எந்தச் சத்தமும் இருக்காது. சற்று நேரத்தில் வலையின் ஒவ்வொரு கண்ணிலும் ஒரு துளி கண் திறக்கும். ஒன்று கனத்து இறங்கும், வழியில் இன்னொன்றைச் சேர்த்துக்கொள்ளும். பிறகு குழாயில் மிக மெல்லிய ஓசை. அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். முகம் நனைந்திருக்கும். துடைக்க மாட்டார்.

ஒரு பின்னேரத்துக்கு மூன்று குடம். நல்ல மூட்டமென்றால் ஐந்தும் வந்தது. முதல் தண்ணீரில் வெங்காய வாடை. "ரசத்துக்கு வெங்காயம் போடத் தேவையில்ல" என்று சித்தி சொன்னார். பிறகு பண்டாரவளைப் பக்கத்து மரக்கறித் தோட்டக்காரர் ஒருவர் பழைய நிழல் வலையைக் கொடுத்தார். வாடை போயிற்று. லயத்தின் ஆறு வீட்டுக்கும் அந்தப் பீப்பாயிலிருந்து தண்ணீர் போயிற்று.

அம்மா மட்டும் குடிக்கவில்லை. கழுவ எடுப்பார், துவைக்க எடுப்பார். "மூட்டத் தண்ணி நெஞ்சுல கட்டும். பனியில நின்னாலே சளி புடிக்குது, அத குடிக்கவா?" என்பார். குடிக்கவும் சாமி விளக்கடியில் வைக்கவும் தினமும் ஒரு சிறிய குடம் பீலியிலிருந்துதான் வர வேண்டும்.

இந்த இடத்தில் என் தவறை எழுதியாக வேண்டும். பல்கலைக்கழகத்தில் சேர்ந்து முதல் விடுமுறைக்கு வந்திருந்தேன். அக்கா அம்மாவை அழைத்து உட்கார வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார். "தம்பி, நீ சயன்ஸ் படிக்கிற. இந்தத் தண்ணிய குடிக்கலாமா? அம்மாகிட்ட சொல்லு." அவர் என்னை எவ்வளவு நம்பிக்கையோடு பார்த்தார் என்பது இப்போதும் தெரிகிறது. நான் படித்தவன்போலப் பேச வேண்டும் என்று நினைத்தேன். "சோதிச்சுப் பாக்காம எதுவும் சொல்ல முடியாதுக்கா" என்றேன்.

அம்மா எழுந்துவிட்டார். "கேட்டியாடி? படிச்ச புள்ளையே சொல்லிட்டான்."

கொதிக்க வைத்துக் குடிக்கலாம் என்று சொல்லியிருந்தால் போதும். அது உண்மையாகவும் இருந்திருக்கும். எங்கள் வீட்டில் என் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லுக்கு எவ்வளவு எடை என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. படிப்பின் அடுத்த தவணை தொடங்கியபோது ஒரு போத்தலில் அந்தத் தண்ணீரைக் கொண்டுபோய் ஆய்வுகூடத்தில் சோதித்து, நல்ல தண்ணீர் என்று எழுதி வாங்கி வந்தேன். அம்மா தாளைக் கையில் வாங்கவில்லை. "தாளு சொன்னா நெஞ்சு கேக்குமா?" என்றார்.

அக்கா என்னை ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அம்மாவோடு சண்டையும் போடவில்லை. அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பீலிக்கு இறங்கும் வழியில் பழைய இரும்புக் குழாய்த் துண்டுகளை நட்டு, கையால் பிடித்துக்கொள்ளக் கயிறு கட்டினார். தலையில் வைக்காமல் கொழுந்துக் கூடைபோல முதுகில் மாட்டிக்கொள்ளக் குடத்துக்கு ஒரு கம்பிச் சட்டமும் செய்தார். அம்மா போகாமலிருப்பதற்காக அத்தனையும் செய்தவர், கடைசியில் அம்மா போவதற்கு வழி செய்து கொடுத்தார். அந்தச் சட்டத்துக்கு மெத்தைபோலத் துணி சுற்றும்போது அவர் முகத்தை நான் பார்த்தேன். வருடக்கணக்காக அம்மா அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார்.

அக்காவுக்குக் கர்ப்பப்பையில் நோய் என்பது தாமதமாகத்தான் தெரிந்தது. வலியை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பதுளை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக எட்டு மாதம். பிறகு வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அது ஆடி மாதம். குழாயில் தண்ணீர் இல்லை. நான் லீவு போட்டு வந்திருந்தேன்.

கடைசி வாரத்தில் ஒரு பின்னேரம். மூட்டம் வாசலுக்கு வந்து, உள்ளேயும் எட்டிப் பார்த்தது. அக்காவின் கட்டிலை அவர் கேட்டபடி கதவோரம் போட்டிருந்தோம். அம்மா அவர் தலைமாட்டை விட்டு நகராமல் இருந்ததால் குடிதண்ணீர்க் குடம் காலியாக இருந்தது. அக்கா உதட்டை நனைத்துக்கொண்டு, "தண்ணி" என்றார். நான் குடத்தைத் தூக்கினேன்.

"எங்க போற?" என்றார் அம்மா.

"பீலிக்கும்மா."

"நீ வர முக்கா மணி நேரம் ஆகும். வை அத."

அம்மா செம்பை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மூட்டத்தில் அவர் உருவம் மறைந்தது. பீப்பாயின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, அடுப்பில் வைத்து, கொதிக்கும்வரை நின்று, இரண்டு தம்ளரில் மாற்றி மாற்றி ஆற்றினார். அக்காவின் வாயில் கரண்டியால் ஐந்தாறு தடவை விட்டார். தம்ளரில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. அம்மா அதைப் பார்த்தார். பிறகு தலையை அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார்.

அக்கா கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னாம்மா, நெஞ்சுல கட்டுதா?"

"பேசாம படுடி."

அக்கா சிரித்தார். சத்தமே இல்லாத சிரிப்பு, ஆனால் தோள் குலுங்கியது. வெகுநேரம் அந்தச் சிரிப்பு முகத்தில் இருந்தது. நான்காம் நாள் பின்னேரம், மூட்டம் வரும் நேரத்தில், அமைதியாகப் போய்விட்டார்.

அக்காவின் நோயிலும் மறைவிலும் எங்களோடு நின்ற எல்லாருக்கும் நன்றி சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் அக்காவை நாற்காலியில் வைத்துச் சாலை வரை சுமந்த லயத்து அண்ணன்மாருக்கும், தன் பிள்ளைபோல உடம்பு துடைத்துவிட்ட ராசம்மா சித்திக்கும், அவரோடு ஒரே நிரையில் கொழுந்து பறித்த பெண்களுக்கும், நமுனுகுலவிலிருந்து வந்து பதினாறு நாளும் தங்கிய மாமா வீட்டாருக்கும், நிழல் வலை கொடுத்தவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் அது என் குறை. வலையின் கட்டுகளை மாதம் ஒரு முறை லயத்து ஆட்கள் முறைவைத்துப் பார்க்கிறார்கள்.

அம்மா இந்த ஒரு வருடமாகப் பீலிக்கு இறங்கவில்லை. இன்றைய சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் வேண்டிய தண்ணீரைக் காலையில் பீப்பாயிலிருந்து அவரே மொண்டு, கொதிக்க வைத்து, ஆற்றி வைத்திருக்கிறார். இந்த நினைவு மலரில் நான் எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கடைசியில் ஒன்றைச் சேர்க்கச் சொன்னார். வந்தவர்கள் யாரும் தண்ணீர் குடிக்காமல் மலை இறங்கக் கூடாதாம்.